வேலூர் வாசலிலிருந்து லண்டன் வரை: பயண நேரத்தை நீங்களே கணக்கிடலாம்

பிள்ளைகளைப் பார்க்க முதல் தடவை லண்டன் கிளம்பும் பெரியவர்கள் வேலூரில் எங்கள் சத்துவாச்சாரி பகுதியில் நிறைய பேர். டிக்கெட்டைக் கையில் வாங்கியதும் குழப்பம் வந்துவிடும். காலை 5:30-க்குச் சென்னையில் ஏறி 11:00-க்கு லண்டனில் இறங்குவதாகப் போட்டிருந்தால், ஐந்தரை மணி நேரம்தானா? இல்லை. ஒரு நூலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தூரம்

வீட்டுப் பிள்ளைகளின் உலக உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே நூலை இறுக்கிப் பிடியுங்கள். சுவரில் மாட்டும் வரைபடம் வேண்டாம். அதில் ஸ்கேல் வைத்தால் கோடு ஈராக் பக்கம் போகும். உருண்டையில் நூல் காஸ்பியன் கடல் மேல் போகும். பூமி உருண்டை என்பதால் அதுதான் குறுக்கு வழி. அடுத்து, பூமத்திய ரேகையை நூலால் ஒரு சுற்று அளந்து பாருங்கள். நிஜத்தில் அது சுமார் 40,000 கி.மீ. உங்கள் உருண்டையில் 80 செ.மீ. வந்தால், 1 செ.மீ.க்கு 500 கி.மீ. சென்னை–லண்டன் நூல் 16.5 செ.மீ. இருக்கும். அதாவது சுமார் 8,250 கி.மீ.

மீனம்பாக்கம் விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பரங்கிமலையில்தான் 1802-இல் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி அளவுச் சங்கிலி போட்டு இந்தியாவை அளக்க ஆரம்பித்தார். விமானம் ஏறுகிற இடமே அளவை தொடங்கிய இடம் என்பதில் எனக்குத் தனி சந்தோஷம்.

படி 2: பறக்கும் நேரம்

பெரிய விமானம் மணிக்குச் சுமார் 850 கி.மீ. போகும். வகுத்தால் 9.7 மணி. ஏற இறங்க அரை மணி, சுற்றுவழி, எதிர்க்காற்று எல்லாம் சேர்த்தால் பத்தரை முதல் பதினொன்றரை மணி நேரம். திரும்பி வரும்போது காற்று பின்னாலிருந்து தள்ளுவதால் கொஞ்சம் குறையும்.

படி 3: கடிகாரம்

டிக்கெட்டில் உள்ளது அந்தந்த ஊர் நேரம். லண்டன் குளிர்காலத்தில் நமக்கு 5:30 மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 4:30 மணி பின்னால். மேலே சொன்னது ஜனவரி டிக்கெட் என்றால், டிக்கெட்டில் தெரியும் ஐந்தரை மணி நேரத்துடன் இந்த ஐந்தரை மணி வித்தியாசத்தையும் கூட்டுங்கள். 11 மணி நேரம். சரியாக வருகிறதா?

படி 4: வேலூர்க் கணக்கு

இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். விமான நிலையம் நம்மிடமிருந்து சுமார் 130 கி.மீ. வாலாஜா, காவேரிப்பாக்கம் வரை வண்டி ஓடிவிடும். ஸ்ரீபெரும்புதூர் தாண்டினால் நெரிசல். மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு 3 மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும். ஆக, காலை 5:30 விமானத்துக்கு முந்தைய இரவு 11 மணிக்கே கிளம்ப வேண்டும். லண்டனில் குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி எடுக்கவும் ஒன்றரை மணி சேருங்கள். மொத்தம் 19 மணி நேரம்.

அப்புறம் தேதி. என் பெரியம்மாவின் டிக்கெட்டில் 15-ஆம் தேதி 1:20 என்றிருந்தது. 15-ஆம் தேதி இரவு என்று நினைத்துவிட்டார். 14-ஆம் தேதி மாலை நான் போனபோது நிதானமாக ஊறுகாய் பாட்டிலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். 8 மணிக்குத்தான் காரை எடுத்தோம். கவுண்டர் மூட 20 நிமிடம் இருக்கும்போது உள்ளே போனார். நள்ளிரவு தாண்டிய விமானம் என்றால், காலண்டரில் முந்தின நாளை வட்டமிட்டு, பக்கத்திலேயே வீட்டை விட்டுக் கிளம்பும் நேரத்தையும் எழுதி வையுங்கள்.