பிளம்பர் கூலி: ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது, உங்கள் ரேட்டை எப்படிப் போடுவது

ஒரே மாநிலம், ஒரே வேலை. ஆனாலும் ஓர் ஊரில் ஒரு பாத்ரூமுக்குப் பைப் இழுக்கக் கேட்கிற கூலியை அடுத்த ஊரில் கேட்டால் ஆளை மாற்றிவிடுவார்கள். "அங்கே கூலி அதிகம்" என்ற பேச்சை நம்பி ஊர் மாறுகிறவரும் சரி, சொந்தமாக வேலை பிடிக்கத் தொடங்குகிறவரும் சரி, போட வேண்டிய கணக்கு ஒன்றுதான். வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பி வரும்வரை, மணிக்கு எவ்வளவு கையில் நிற்கிறது?

சம்பளப் பட்டியல்களில் முதலில் கண்ணில் படுவது சராசரி. அதுதான் அதிகம் ஏமாற்றும். ஐந்து பேரின் வருமானம் 10, 12, 13, 15, 50 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 20. ஆனால் அந்த 20 ஐந்தில் நான்கு பேருக்குக் கிடைக்கவில்லை. நடுவில் நிற்பவர் வாங்குவது 13. அந்த 50, ஆள் வைத்து மொத்த கான்ட்ராக்ட் எடுப்பவருடையதாக இருக்கும். ஆகவே பட்டியலில் நடுமதிப்பைத் தேடுங்கள். தொழிலுக்குப் புதியவர் என்றால் அதற்கும் கீழே உள்ள கால்பங்கு அளவை (நான்கில் ஒருவர் இதற்கும் குறைவாக வாங்குவார்) பாருங்கள். சம்பளத்துக்கு இருப்பவர்களை மட்டும் கணக்கெடுத்தார்களா என்பதையும் கவனியுங்கள். சம்பளக்காரருக்குப் பெரும்பாலும் பயண நேரத்துக்கும் காசு உண்டு, வண்டிச் செலவு முதலாளியுடையது. சொந்த வேலைக்காரரின் மொத்த வசூலைச் சம்பளக்காரரின் சம்பளத்தோடு ஒப்பிடுவது தப்புக் கணக்கு.

இனி உங்கள் நேரம். 365 நாளில் வார விடுமுறை 52 போகும். பண்டிகை, உடம்பு சரியில்லாத நாள், மழை, வேலை இல்லாத நாள் என்று 33 கழித்தால் மிச்சம் 280. நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 2,240. இது உழைக்கிற நேரம். காசாகிற நேரம் வேறு. கடைக்கு ஓடுவது, எஸ்டிமேட் பார்க்கப் போவது, பாக்கி கேட்டு அலைவது, செய்த வேலையையே மறுபடி செய்வது எல்லாம் போக 8-ல் 5 மணி நேரம் காசானால் ஆண்டுக்கு 1,400 மணி நேரம்தான்.

ரூபாய்க்குப் பதில் 'பங்கு' என்று வைத்துக் கணக்குப் போடுவோம், ஒரு பங்கு எத்தனை ரூபாய் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு ஆண்டுக்கு 1,000 பங்கு வேண்டும். வண்டி, டூல்ஸ், போன், காப்பீடு, வரிக்கு 400 பங்கு. ஆக 1,400 பங்கை 1,400 மணி நேரத்தில் எடுக்க வேண்டும்: மணிக்கு 1 பங்கு. பலர் 1,000-ஐ 2,240-ஆல் வகுத்து 0.45 என்று ரேட் போட்டுவிடுகிறார்கள். நாள் முழுக்க வேலை இருந்தும் கையில் காசு தங்காததற்குப் பாதிக் காரணம் இந்த வகுத்தல்தான்.

உங்கள் 5 மணி நேரம் உண்மையில் எத்தனை என்று தெரிய, 4 வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், வேலை தொடங்கியது, முடித்தது, கடைக்குப் போய் வந்தது. கசப்பாகத்தான் இருக்கும்.

ஊர்களை ஒப்பிடும்போதும் இதே நோட்டுதான். உதாரணத்துக்கு, பெருநகரத்தில் கூலி மணிக்கு 100 என்று வைப்போம். காசாவது நாளுக்கு 4.5 மணி நேரம், வெளியே இருப்பது 11 மணி நேரம், செலவு 90. கையில் நிற்பது 360. மணிக்கு 33-க்கும் கீழே. சிறு நகரத்தில் மணிக்கு 75. காசாவது 6 மணி நேரம், வெளியே 9, செலவு 50. நிற்பது 400, மணிக்கு 44. வாடகையை இன்னும் கழிக்கவே இல்லை.

பெருநகர ரேட் வீண் என்று இதற்குப் பொருளில்லை. அங்கே அதிகம் கொடுப்பது சில வேலைகளுக்கு மட்டும்: அடுக்குமாடியின் பம்ப் ரூம், பிரஷர் குறைக்கும் வால்வு, ஷாஃப்ட் லைன் (மாடிகளுக்கு மேலும் கீழும் ஓடும் பைப்), மருத்துவமனை, தொழிற்சாலை. அவை தெரியாமல் போகிறவர் குழாய் மாற்றும் வேலைக்கே நூறு பேரோடு போட்டி போடுவார். புதுக் கட்டடங்கள் எழும் ஊரில் கூலி வேகமாக ஏறும், கட்டுமானம் நின்றால் வேலையும் நிற்கும். உப்புத் தண்ணீர் ஊரில் ஹீட்டரிலும் குழாயிலும் உப்புப் படிந்துகொண்டே இருப்பதால் ரிப்பேர் ஆண்டு முழுக்க வரும்.

பாயிண்ட் கணக்கில், அதாவது ஓர் இணைப்பு இடத்துக்கு இவ்வளவு என்று பேசும்போது ரேட்டை விட, பாயிண்ட் என்றால் என்ன என்பதில்தான் சண்டை வரும். டைவர்ட்டரில் (ஷவருக்கோ கீழ்க் குழாய்க்கோ தண்ணீரைத் திருப்பிவிடும், சுவரில் பதிக்கும் வால்வு) சுடுநீர், பச்சைத் தண்ணீர், ஷவர், ஸ்பவுட் (கீழ்க் குழாய்) என 4 இணைப்பு. அது 1 பாயிண்டா, 4-ஆ? சுவர் செங்கல்லா, கான்கிரீட்டா? கான்கிரீட்டில் காடி (பைப் பதிக்கும் பள்ளம்) வெட்டப் பல மடங்கு நேரமாகும், பிளேடும் தேயும். காடியைப் பூசி அடைப்பது யார்? பைப் ஒட்டும் சால்வென்ட், டெஃப்லான் டேப் யார் வாங்குவது? கடைசியில் குழாய், வாஷ்பேசின் மாட்டுவது இதில் சேருமா? தாளில் எழுதிக் கையெழுத்து வாங்காமல் சுத்தியலைத் தொட வேண்டாம்.

டைவர்ட்டர் வைக்கும்முன் டைல்ஸ் கனம், அதன் பின்னால் வரும் கலவையின் கனம் இரண்டையும் கேளுங்கள். உள்ளே அதிகம் போனால் மேல்மூடி எட்டாது, வெளியே வந்தால் துருத்திக்கொண்டு நிற்கும். டைல்ஸை உடைத்துச் சரிசெய்தால் அந்த பாத்ரூமின் லாபம் அதோடு போயிற்று.

பணம் வாங்குவதை வேலையின் கட்டத்தோடு இணையுங்கள். சுவருக்குள் பைப் முடிந்ததும், பூசுவதற்கு முன், வழக்கமான அழுத்தத்தைப் போல 1.5 மடங்கு கொடுத்து டெஸ்ட் செய்து, அழுத்த மீட்டரை வீட்டுக்காரருக்குக் காட்டி, போட்டோ எடுத்து, பாதித் தொகையை வாங்கிவிடுங்கள். பின்னால் தச்சர் ஆணி அடித்து ஒழுகினாலும் பழி பிளம்பர் மேல்தான் வரும். அந்த போட்டோதான் சாட்சி. குழாய் மாட்டும் கட்டம் டைல்ஸ், பெயின்ட் எல்லாம் முடிந்து மாதக்கணக்கில் தள்ளிப்போகும் என்பதால் அதற்கு வைக்கும் பாக்கி சிறியதாக இருக்கட்டும்.

சாமானையும் நீங்களே வாங்கித் தருவதானால்: 100-க்கு வாங்கி 20 சதவீதம் ஏற்றி 120-க்குக் கொடுத்தால் விற்ற தொகையில் லாபம் 16.7 சதவீதம்தான். 20 நிற்க வேண்டுமென்றால் 25 ஏற்ற வேண்டும். தவறான சைஸைத் திருப்பிக் கொடுக்கப் போகும் பெட்ரோலும் இதிலிருந்தே வர வேண்டும்.

வாஷர் மாற்ற 20 நிமிடம்தான், ஆனால் போய் வர 2 மணி நேரம். எனவே எந்த அழைப்புக்கும் குறைந்தபட்சம் 2 மணி நேரக் கூலி என்று வைத்து, போனில் பேசும்போதே சொல்லிவிடுங்கள். வாசலில் போய் நின்று சொன்னால் பேரம் தொடங்கிவிடும்.