ஸ்டென்ட் வைத்த பிறகு எங்கள் வீட்டில் நடந்த தவறு

அட்டாக் வந்து ஸ்டென்ட் வைத்து அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்தபோது, ராயபுரத்தில் எங்கள் தெருவே வந்து பார்த்தது. ஆளுக்கொரு யோசனை. மூன்றாம் மாதம் அப்பாவே ஒரு முடிவெடுத்தார்: "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு இத்தனை மாத்திரை?" நான்கு நாள் விழுங்கவில்லை. அம்மா அட்டையை எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இன்று நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

ஸ்டென்ட் என்பது அடைத்த ரத்தக்குழாயை விரித்துப் பிடித்திருக்கும் சின்ன கம்பிவலை. அதன் மேல் ரத்தம் உறைந்தால் குழாய் திடீரென்று மறுபடி அடைத்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. அதற்காகத்தான் ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் சேர்த்து, பெரும்பாலும் 12 மாதம் தருகிறார்கள். பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் இவற்றை நிறுத்தவே கூடாது. கொலஸ்ட்ரால் மாத்திரையும் அப்படித்தான். ரிப்போர்ட்டில் அளவு குறைந்திருந்தால் அது மாத்திரை செய்த வேலை. விட்டால் மறுபடி ஏறும். மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவதும் வேண்டாம், இதயத்துக்கு ஆகாது.

சாப்பாட்டில், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு மீனை விடத் தேவையில்லை. குழம்பு மீன் நல்லதுதான். வம்பு கருவாட்டிலும் ஊறுகாயிலும் அப்பளத்திலும் இருக்கிறது. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் உப்புதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு துண்டு கருவாடே அதில் நிறைய தின்றுவிடும்.

பீடி, சிகரெட், மாவா (புகையிலை கலந்த பாக்கு) மூன்றையும் முழுசாக விட வேண்டும். "ஒண்ணே ஒண்ணு" என்பதற்கு இடமே இல்லை.

பயந்துபோய் படுத்தே கிடப்பதும் தவறு. டாக்டர் சரி என்றதும் வீட்டுக்குள் ஐந்து நிமிடம், அப்புறம் தெரு முனை வரை என்று கூட்டிக்கொண்டே போகலாம். ஹவுசிங் போர்டில் மேல்மாடி என்றால் ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கி ஏறுங்கள். மீன் கூடை, தண்ணீர்க் குடம் தூக்குவதை எப்போது தொடங்கலாம் என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மறுபடி நெஞ்சு அழுத்தினாலோ, வியர்த்தாலோ, தாடைக்கோ கைக்கோ வலி பரவினாலோ கேஸ் என்று சோடா குடித்து நேரம் கடத்தாதீர்கள். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தந்திருந்தால் உட்கார்ந்தபடி, டாக்டர் சொன்ன அளவில் வைத்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போக வேண்டாம்.