சந்திரகாந்தக் கல்லைப் பார்த்து வாங்க

தாத்தா கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் ஆச்சிக்கு வாங்கி வந்த வெள்ளி மோதிரம் இப்போது என் விரலில் இருக்கிறது. பாலில் ஒரு சொட்டு நீலம் கலந்த மாதிரிக் கல். நீல ஒளிக்குப் பேர்போனது இலங்கையின் மீட்டியாகொடைக் கல்தான். நம் பக்கம் காங்கேயத்திலும் சந்திரகாந்தம் கிடைக்கிறது.

வாங்கும்போது கடை டியூப்லைட்டை நம்பாதீர்கள். செல்போன் டார்ச் ஒன்று போதும். கல்லை உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். உள்ளே ஒரு வெளிச்சம் எழுந்து, குளத்துத் தண்ணீரில் நிலா அசைவதுபோல நகர்ந்து, இன்னும் கொஞ்சம் சாய்த்ததும் அணைய வேண்டும். இது ஃபெல்ட்ஸ்பார் என்ற பாறைக் கனிம வகையைச் சேர்ந்த கல். ஆர்த்தோகிளேஸ், ஆல்பைட் என்ற இரண்டு கனிமங்கள் சூடு ஆறும்போது பிரிந்து மெல்லிய அடுக்குகளாகப் படிகின்றன. அவற்றில் சிதறும் ஒளிதான் நாம் பார்ப்பது. அடுக்கு மெலிந்தால் நீலம், தடித்தால் வெள்ளை.

எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒரே நீலமாக நின்றால் சந்தேகப்படுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஆரஞ்சு அடித்தால் அது பெரும்பாலும் ஓபலைட் என்ற கண்ணாடி. லென்ஸில் உருண்டைக் குமிழ் தெரிந்தாலும் கண்ணாடிதான். கல்லுக்குள்ளே பூரான் மாதிரிச் சின்னக் கீறல்கள் தெரிந்தால் சந்தோஷப்படலாம், அது நிஜக் கல்லில் வருவது. 'வானவில் சந்திரகாந்தம்' என்று விற்பது லாப்ரடோரைட் என்ற வேறு கல். அழகுதான், ஆனால் பெயரைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

"நெலா வெளிச்சத்துல இந்தக் கல்லு வேர்க்கும், பாத்துக்கோட்டி" என்பாள் ஆச்சி. சந்திரன் தலமான சேரன்மகாதேவிக்குத் திங்கட்கிழமை போகும்போதெல்லாம் இதைத்தான் போட்டுக்கொள்வாள். ஒரு தைப் பௌர்ணமிக்கு மோதிரத்தை மொட்டைமாடியில் வைத்தேன், பக்கத்தில் ஒரு சில்வர் டம்ளர். விடியற்காலம் மோதிரம், டம்ளர் இரண்டின் மேலும் பனி முத்து முத்தாக நின்றது; கல் வேர்க்கவில்லை, வெறும் பனிதான். ஆனால் அந்த ஈரத்துக்குள் நீலம் அசைந்ததைப் பார்த்தபோது ஆச்சியின் பேச்சுதான் காதில் கேட்டது.

அப்புறம், பராமரிப்பு. வைரத்துக்குப் பத்து என்று வைக்கும் மோஸ் அளவில் இதன் கடினத்தன்மை 6 முதல் 6.5 வரைதான், தெருப்புழுதி மணலே கீறிவிடும். இரண்டு திசைகளில் எளிதாகப் பிளக்கும். ஒரு கடையில் நகை கழுவும் அல்ட்ராசோனிக் மெஷினில் போட்டு, என் மோதிரக் கல்லில் மயிரிழை விரிசலோடு திருப்பித் தந்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு, பழைய வேட்டித் துணி போதும். பாத்திரம் துலக்கும்போது கழற்றி வைத்துவிடுங்கள்.