லிஃப்ட் மாமாவை வெளியே கூட்டிப் போகாதீர்கள்: இரண்டாம் சீசனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் சீசன் முடிந்த அடுத்த வாரம் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனேன். கடைக்காரர் தராசில் மீனைப் போட்டபடியே, "நான் சொல்லல, சொல்றாங்க... இன்னிக்கு வவ்வால் நல்லாருக்காம்" என்றார். எங்கள் ஸ்கிட் நிகழ்ச்சியில் வரும் லிஃப்ட் மாமாவின் வசனம் அது. அதை எழுதியவன் எதிரே நிற்கிறான் என்று அவருக்குத் தெரியாது. வீடு வந்து சேரும்வரை என் கால் தரையில் பாவவில்லை.

எங்கள் இரண்டாம் சீசன் கெட ஆரம்பித்தது அந்த மீன் கடையில்தான்.

சிங்கப்பூரில் தமிழில் ஸ்கிட் எழுதுகிறவர்கள், தொலைக்காட்சிக்கோ சமூக மன்ற மேடைக்கோ யூடியூபுக்கோ, முதல் முயற்சியில் கொஞ்சம் பெயர் வாங்கிவிட்டு "சரி, அடுத்தது" என்று உட்கார்ந்திருந்தால் இது அவர்களுக்கு. இங்கே சொல்லும் தவறுகள் எல்லாம் எழுத்தாளர் குழுவாக நாங்கள் செய்தவை. வேறு யார்மீதும் பழி போட இடமில்லை.

லிஃப்ட் மாமாவை முதலில் சொல்லிவிடுகிறேன். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக் ஒன்றின் மின்தூக்கிக்குள் அவர் எப்போதும் இருப்பார். ஏன் இருக்கிறார், எங்கே போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. காய்கறிப் பையோடு ஒருவர் உள்ளே வந்து 12-ஐ அழுத்துவார். கதவு மூடும். மாமா ஆரம்பிப்பார்: பிள்ளைக்கு டியூஷன், தங்கைக்குக் கல்யாணம், முகம் கொஞ்சம் வீங்கியிருக்கிறதே சர்க்கரை பார்த்தீர்களா. கடைசியில், "நான் சொல்லல, சொல்றாங்க." இரண்டு நிமிடம், அவ்வளவுதான்.

மக்கள் அந்த வசனத்தைத் திரும்பச் சொன்னதால், அவர்கள் சிரித்தது வசனத்துக்குத்தான் என்று நினைத்துவிட்டோம். ஒரு ஸ்கிட்டில் ஒருமுறை வந்தது, இரண்டாம் சீசனில் நான்கைந்து முறை வந்தது. மாமாவைக் கல்யாண மண்டபத்துக்கு அனுப்பினோம். உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் ஜொகூர் பேருந்து வரிசையில் நிறுத்தினோம். ஈரச்சந்தைக்கும் போனார். எங்கேயும் யாரும் சிரிக்கவில்லை.

காரணம் பிறகு புரிந்தது. கல்யாண மண்டபத்தில் மாமா பிடித்துக்கொண்டால், "சாப்பிட்டு வந்துடுறேன் மாமா" என்று நழுவிவிடலாம். லிஃப்டில் முடியாது. மாட்டிக்கொண்டவர் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறார். 4, 5, 6 என்று அது நகர்கிற வேகத்தில்தான் சிரிப்பு இருந்தது. மூடிய கதவு, மெதுவாக ஏறும் எண், தப்ப முடியாத ஒரு முகம். நாங்கள் ஊறுகாயைப் பிடித்துக்கொண்டு சோற்றை விட்டுவிட்டோம்.

பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவான 'மான்ட்டி பைத்தான்'-ஐ எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள், ஆனால் அவர்களுடைய இரண்டாம் சீசனைக் கவனிப்பவர்கள் குறைவு. செத்த கிளியைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்க வருகிறவரின் ஸ்கிட், 1969-ல் வந்த முதல் சீசனில் இருக்கிறது. 1970-ல் வந்த இரண்டாம் சீசனில் கிளி திரும்ப வரவில்லை, அதே ஆள் வருகிறார். இந்த முறை அவருக்குத் தன் செல்ல மீனுக்கு உரிமம் வேண்டும். விடாப்பிடியாக ஒரு கவுண்டரின் முன் நிற்கும் மனிதர் என்பதை வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் மாற்றிவிட்டார்கள். பேர்போன 'கோமாளி நடை அமைச்சு' ஸ்கிட்டும் அந்த இரண்டாம் சீசனில் வந்ததுதான். பழையதைச் சுரண்டிக்கொண்டிருந்தால் அதற்கு இடம் இருந்திருக்காது.

அப்படியானால் மாமாவை என்ன செய்திருக்கலாம்? கண்ணெதிரே ஒன்று இருந்தது. 2001-ல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் தொடங்குவதற்கு முன்பு, பல பழைய புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. ஒன்று, ஐந்து, ஒன்பது என்பது போல நிற்கும், நடு மாடிக்காரர்கள் மீதியைப் படியேற வேண்டும். அப்படிப்பட்ட ஒரு புளோக்குக்கு மாமா குடிபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் மாடியில் "அப்பாடா" என்று இறங்குகிறவரின் பின்னாலேயே அவரும் இறங்கி, படிக்கட்டில் கூடவே வருகிறார். கைதி அதே கைதி, சிறை மட்டும் புதிது. இது எனக்குத் தோன்றியது நிகழ்ச்சி ஒளிபரப்பாகி முடிந்த பிறகு. எழுத்தாளனுக்குப் புத்தி எப்போதும் அடுத்த லிஃப்டில்தான் வரும்.

பணம் கூடினால் வரும் தவறு இன்னொன்று. முதல் சீசனில் நகர மன்ற அனுமதி வாங்கி உண்மையான லிஃப்டில் எடுத்தோம். மூன்று பேரும் ஒரு கேமராவும் நுழைந்தால் மூச்சுவிட இடமில்லை. ஒலிப்பதிவாளர் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். நடுவில் குடியிருப்பாளர் யாராவது பொத்தானை அழுத்திவிட்டால் காட்சி போச்சு. இரண்டாம் சீசனுக்கு அரங்கத்திலேயே பலகையில் ஒரு லிஃப்ட் கட்டினோம். ஒரு பக்கச் சுவரைக் கழற்றலாம், கேமராவைத் தள்ளி வைத்து விதவிதமாக எடுக்கலாம். எடுத்தோம், படம் அழகாக வந்தது. ஆனால் அந்த நெருக்கடி போய்விட்டது. மாமாவின் மூச்சு எதிராளி கழுத்தில் படுகிறது என்று முதல் சீசனில் தெரிந்தது. இதில் இரண்டு பேர் விசாலமான அலமாரிக்குள் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

செட் இருக்கிறதே என்று லிஃப்ட் ஸ்கிட் ஒன்பதை ஒரே நாளில் எடுத்தது அதைவிடப் பெரிய தப்பு. ஸ்கிட் நிகழ்ச்சிகளை அங்கம் அங்கமாக எடுப்பதில்லை, இடம் இடமாக எடுப்பதுதான் வழக்கம். செலவு குறையும். ஆனால் ஒரு நகைச்சுவை நடிகரிடம் ஒரு நாளில் ஒரே பாத்திரத்தை எத்தனை முறை கேட்கலாம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. எங்கள் மாமாவுக்கு ஆறாவதிலேயே கண்ணில் வெளிச்சம் போய்விட்டது. மூன்று மூன்றாக மூன்று நாள், அல்லது நடுவே வேறு வேடம், இப்படிப் பிரித்திருக்க வேண்டும்.

அடுத்தது கதைச் சரக்கு. முதல் சீசனில் இருப்பது நீங்கள் பிறந்ததிலிருந்து பார்த்துச் சேர்த்தது: பாட்டி, ஆசிரியர், ராணுவ முகாம், பக்கத்து வீடு. இரண்டாம் சீசனுக்குக் கிடைப்பது சில மாதங்களில் பார்த்தது மட்டும். அந்தச் சில மாதங்களும் எடிட்டிங் அறையில் போயிருக்கும். அதனால்தான் இரண்டாம் சீசன் ஸ்கிட்டுகளில் திடீரென்று இயக்குநர், நடிகர், படப்பிடிப்பு என்றே வருகிறது. எழுத்தாளர் வேறு எதையும் பார்க்கவில்லை! பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர் 'ஃபால்ட்டி டவர்ஸ்' முதல் ஆறு அங்கங்கள் 1975-ல் வந்தன, அடுத்த ஆறு 1979-ல். நான்கு ஆண்டு அவகாசம் நமக்கு யாரும் தரப்போவதில்லை. ஆனால் எழுதத் தொடங்கும் முன் ஒரு மாதமாவது காப்பிக்கடையில் சும்மா உட்கார்ந்து காது கொடுங்கள். முதல் சீசனில் கழித்துப் போட்ட ஸ்கிரிப்டுகளைத் தூசி தட்டி எடுப்பதைவிட அது நல்லது. கழித்ததற்கு அப்போது ஒரு காரணம் இருந்தது, அது இன்னும் அப்படியே இருக்கும்.

தானாகவே சரக்கு தரும் சட்டகம் உங்களிடம் இருந்தால் கவலை குறைவு. 'லொள்ளு சபா' திரைப்படங்களைக் கிண்டல் செய்தது, திரைப்படங்களுக்குப் பஞ்சம் ஏது? இங்குள்ள ஆங்கில ஒளிவழியான சேனல் 5-ல் 2007-ல் தொடங்கிய 'தி நூஸ்' செய்தி வாசிப்பைப் போலி செய்தது, செய்தி தினமும் வருகிறது. எங்கள் நிகழ்ச்சிக்கு அப்படி எதுவும் இல்லை என்பதை முதல் சீசனின் கைத்தட்டல் மறைத்துவிட்டது.

மொழி விஷயத்தில் இரண்டு பக்கமும் சறுக்கலாம். முதல் சீசனில் நம் வீட்டில் பேசுகிற மாதிரி எழுதியவர்கள், பெயர் கிடைத்ததும் சென்னைப் பட நகைச்சுவையின் ஏற்ற இறக்கத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். இல்லாவிட்டால் 'உள்ளூர் மணம்' வேண்டும் என்று சிங்கப்பூர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் 'லா'வை வரிக்கு வரி போடுகிறார்கள். இரண்டுமே வேஷம். நம்மிடம் வேறு சொத்து இருக்கிறது: செய்தியிலும் அறிவிப்புப் பலகையிலும் அது 'மின்தூக்கி', வாயில் 'லிஃப்ட்'. பலகைத் தமிழை அப்படியே பேசுகிற ஒரே ஓர் ஆளைப் புளோக்கில் விட்டால் போதும், சிரிப்பு தானாக வரும்.

இனி சப்டைட்டில். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் நான் கொஞ்சம் பேசுகிறேன். இங்கே தமிழ் நிகழ்ச்சியின் கீழே ஆங்கில வரி ஓடும். பார்ப்பவர் தமிழராக இருந்தாலும் கண் தானாக அந்த வரிக்குப் போகும். தமிழில் 'இல்லை' கடைசியில் வரும், ஆங்கிலத்தில் அது முன்னாலேயே வந்து நின்றுவிடும். "எங்க அத்தை சமையலைச் சாப்பிட்டு இதுவரைக்கும் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாம..." என்று நடிகர் இழுத்து, தண்ணீர் குடித்து, "இருந்ததில்ல" என்று முடிக்கிறார். அவர் தண்ணீர் குடிப்பதற்குள் கீழே வரி முழுவதும் வந்துவிட்டால்? முதல் சீசனில் வரிகளை இரண்டாக உடைத்து, பின்பாதியை நடிகர் வாய் திறந்த பிறகு விட்டோம். இரண்டாம் சீசனில் அவசரம், வரியை மொத்தமாகப் போட்டுவிட்டோம். நல்ல நகைச்சுவை பல இடங்களில் செத்தது எழுத்தில் இல்லை, அந்த அரை வினாடியில்.

வேடம் பற்றி ஒரு வார்த்தை. நான்கைந்து நடிகர்களே எல்லாரையும் நடிக்கிற நிகழ்ச்சியில், அடுத்த இனத்தவராகவும் அவர்களையே நடிக்கவைத்துவிடலாம் என்று ஆசை வரும். ஒரே நடிகர் பல இனத்தவராக வேடமிட்ட மின்னியல் கட்டண முறை (இ-பே) விளம்பரம் ஒன்றில், இந்தியர் வேடத்துக்காக அவர் முகத்தைக் கருமையாக்கியது 2019-ல் பெரிய சர்ச்சையாகி, மன்னிப்புக் கேட்கும்படி ஆனது. நமக்கெல்லாம் அப்போது கோபம் வந்தது. அதே நாம், நம் ஸ்கிட்டில் கறுப்பு நிறத்தைக் கேலி செய்யும் வரி வந்தால் 'சும்மா தமாஷ்' என்கிறோம். எங்கள் முதல் சீசனில் அப்படி இரண்டு வரி இருந்தது. இரண்டாம் சீசனில் எடுத்துவிட்டோம், யாரும் அதைத் தேடவில்லை. நாங்கள் சரியாகச் செய்த சில காரியங்களில் அது ஒன்று.

ஸ்கிரிப்ட் வாசிப்புக்கு முதல் சீசன் ரசிகர்களை அழைக்காதீர்கள். மாமா பெயரைச் சொன்னதுமே சிரிப்பார்கள். நிகழ்ச்சியையே பார்க்காத என் சின்னம்மாவிடம் ஒரு ஸ்கிட்டைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி தம்பி, அந்த ஆளு ஏன் திரும்பத் திரும்ப அதையே சொல்றாரு?" என்றார். அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம்.

கடைசியாக நாள்காட்டி. நம் நடிகர்களில் பலருக்குப் பகலில் வேறு வேலை இருக்கிறது. ஆசிரியர்களாக இருப்பவர்கள் ஆண்டிறுதி விடுமுறையில்தான் முழுதாகக் கிடைப்பார்கள், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழையும் கூடவே வரும். புளோக் கீழ்த்தளத்தில் நனையாமல் எடுக்கலாம், ஆனால் மழைச் சத்தத்தில் வசனம் கேட்காது. மழை விட்டால் பக்கத்தில் ஒரு கல்யாணம் இருக்கும். இதற்கெல்லாம் மேல் ரிசர்விஸ்ட். தேசிய சேவையை முடித்த ஆண்களை ஆண்டுக்கு 40 நாள் வரை திரும்ப அழைக்கலாம். லிஃப்டில் மாமாவிடம் மாட்டுகிற இளைஞனாக நடித்தவருக்கு நடுப் படப்பிடிப்பில் முகாம் வந்தது. தலைமுடியைக் குறைத்துக்கொண்டு போனார். முதல் நாளே எல்லாரிடமும் தேதி கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும், நாங்கள் கேட்கவில்லை.

கடைசி அங்கத்துக்கு ஒரு லிஃப்ட் ஸ்கிட் பாக்கி இருந்தது. இளைஞன் முகாமில் இருந்தார், பலகை லிஃப்டைப் பிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பழைய புளோக்குக்கே போய், மாமாவை மட்டும் வைத்து எழுதினோம். லிஃப்ட் நடுவில் நின்றுவிடுகிறது. உள்ளே யாரும் இல்லை. புத்தி சொல்ல ஆளில்லாமல் மாமா எண்ணைப் பார்க்கிறார், கண்ணாடியைப் பார்க்கிறார், அவசர மணியை அழுத்துகிறார். ஒலிபெருக்கியில் சலிப்பான ஒரு குரல்: "ஆள் கிளம்பிட்டாரு அங்கிள். பத்து நிமிஷத்துல வந்துடுவாருன்னு..." கொஞ்சம் இடைவெளி. "...சொல்றாங்க."

மாமா அந்த வசனத்தை அதில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. சப்டைட்டில் போட்ட தோழியிடம் அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் அரை வினாடி தாமதமாக விடச் சொன்னேன். "தெரியும்லா" என்றார்.