எலியின் சீனியா, எலியின் பயமா? விலங்குப் பரிசோதனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் சீனி வருத்தத்துக்குச் சிறுகுறிஞ்சா, பாவற்காய், ஆவாரம்பூ என்று பரியாரிமார் சொல்லாத மூலிகை இல்லை. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை உயிரியலோ மருத்துவமோ படிக்கப் போனால், அந்தச் சாற்றை எலிக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆசை வந்துவிடும். நானும் அப்படித் தொடங்கியவன்தான். முதல் வாரம் அளந்தபோது மருந்தே கொடுக்காத நல்ல எலிகளுக்கும் இரத்தச் சீனி எகிறிக் கிடந்தது. கருவியில் பிழை என்று நினைத்து பற்றரியை மாற்றினேன். விலங்குக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட அண்ணன் சிரித்தார்.

“மனே, இது பகலில நித்திரை கொள்ளுற சாதி. வாலில பிடிச்சுத் தூக்கித் தொங்கவிட்டு ஊசி குத்தினா சீனி ஏறாம என்ன செய்யும்?”

அவர் சொன்னது சரி. பயந்த உடலில் அட்ரினலின் ஏறும், ஈரல் தன் கையிருப்புக் குளுக்கோஸை இரத்தத்தில் கொட்டும். நான் அளந்தது எலியின் பயத்தை. விலங்கை நோகாமல் வைத்திருப்பது புண்ணியக் கணக்கு, ஆய்வு முடிவு வேறு கணக்கு என்று பிரித்துப் பார்ப்பதில்தான் மற்றத் தவறுகள் எல்லாம் தொடங்குகின்றன.

முதலில், வந்த அன்றே வேலையைத் தொடங்குவது. எலிகள் பெரும்பாலும் கொழும்பிலிருந்து வரும். 300 கிலோமீற்றருக்கு மேல் வான் வண்டியில் குலுங்கி வந்த உயிருக்குக் குறைந்தது ஒரு வாரமாவது ஆற நேரம் வேண்டும். அந்த வாரத்தில் தினமும் கையில் எடுத்துப் பழக்குங்கள். எலியை வாலில் தூக்காமல் தோளுக்குக் கீழே உள்ளங்கை கொடுத்து எடுக்க வேண்டும். சுண்டெலிக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது: கூட்டுக்குள் ஒரு குழாயை வைத்தால் அதுவே உள்ளே போய்விடும், குழாயோடு தூக்கலாம். வாலில் தூக்கிய சுண்டெலிகளைவிடக் குழாயில் தூக்கியவற்றுக்குப் பதற்றம் குறைவு என்று 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. ஹாட்வெயார் கடையில் ஒரு துண்டு பிவிசி குழாய் என்ன விலை வந்துவிடப் போகிறது?

மூக்கையும் கண்ணையும் சுற்றிச் சிவப்பாகக் கசிந்தால் “ரத்தம் வருது” என்று பதறவும் வேண்டாம், துடைத்துவிட்டு மறக்கவும் வேண்டாம். அது இரத்தம் அல்ல. கண்ணுக்குப் பின்னாலுள்ள சுரப்பியிலிருந்து வரும் போர்பிரின் என்ற நிறப்பொருள். எலி நெருக்கடியிலோ நோயிலோ இருக்கிறது என்பதற்கான அறிகுறி. அன்றைய குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தவறு. நாலு மணிக்கு அலுவலகம் பூட்டும்போது ஏசியையும் நிறுத்திவிட்டுப் போவது. எலிக்குச் சொல்லப்படும் வெப்பநிலை 20 முதல் 26 பாகை செல்சியஸ். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூட்டிய அறை என்ன சூடு வரும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. எலிக்கு நம்மைப்போல வியர்த்துக் கொட்டாது. வாலால்தான் சூட்டை வெளியே விடும். ஒரு நாளின் கூடிய, குறைந்த வெப்பநிலை இரண்டையும் பதியும் வெப்பமானியைச் சுவரில் மாட்டுங்கள். காலையில் வந்து நீங்கள் பார்க்கும் இலக்கம் இரவின் கதையைச் சொல்லாது. மின்வெட்டுக்கு ஜெனரேற்றர் இல்லையென்றால், கச்சான் மாதங்களில் ஆய்வையே வைக்காமல் இருப்பது புத்தி.

இனி ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி. எலி வாங்கி, வேலை முடித்து, கட்டுரை எழுதும்போதுதான் “சேர், அந்த இலக்கம் எப்படி எடுக்கிறது?” என்று வருபவர்கள் உண்டு. எடுக்க முடியாது. முடிந்த வேலைக்கு முன்திகதி போட்டு அனுமதி தரும் குழு குழுவே அல்ல, அனுமதி இலக்கம் இல்லாத கட்டுரையை நல்ல சஞ்சிகைகள் தொடுவதுமில்லை. வில்லியம் ரஸல், ரெக்ஸ் பர்ச் என்ற பிரித்தானிய விஞ்ஞானிகள் 1959இல் சொன்ன மூன்று கேள்விகளைத்தான் குழுவும் கேட்கும். விலங்குக்குப் பதிலாக வேறொன்று போதாதா? எண்ணிக்கையைக் குறைக்க முடியாதா? வேதனையைக் குறைக்க என்ன செய்தீர்கள்?

முதல் கேள்வியைப் பலர் ஒரே வரியில் கடந்துவிடுகிறார்கள். மாப்பொருளைக் குளுக்கோஸாக்கும் நொதியத்தை உங்கள் சாறு தடுக்கிறதா என்று சோதனைக் குழாயிலேயே பார்க்கலாம். அங்கே ஒன்றுமே செய்யாத சாறு வேறு வழியால் வேலை செய்யக்கூடும், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வேறு வழி என்ன என்று யோசிக்காமல் எலிக்குப் போவது சோம்பல்.

இரண்டாவது கேள்வியில் எனக்குக் கோபம் வரும் இடம், “ஒரு குழுவுக்கு 6 எலி, ஏனென்றால் சீனியர் அக்காவும் 6தான் வைத்தா.” எத்தனை எலி என்பது நீங்கள் எதிர்பார்க்கும் மாற்றம் எவ்வளவு, எலிக்கு எலி வேறுபாடு எவ்வளவு என்பதைக் கொண்டு கணக்கிட வேண்டியது. குறைத்தல் என்றால் கஞ்சத்தனமும் அல்ல. எதையும் நிரூபிக்கப் போதாத 4 எலிகளைக் கொன்றால் நாலும் வீண். நஞ்சுத்தன்மை பார்க்க, பாதி எலிகள் சாகும் அளவைக் கண்டுபிடிக்கும் பழைய முறையை இன்னமும் முன்மொழிவில் எழுதுகிறார்கள். ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பு) வெளியிட்ட அந்த 401ஆம் இலக்க வழிகாட்டி 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. இப்போதுள்ள 423ஆம் வழிகாட்டியில் சோதனையின் ஒரு படிக்கு 3 எலிகள்தான்.

குழு பிரிக்கும் விதத்தையும் கவனியுங்கள். கூட்டுக்குள் கையைவிட்டால் முதலில் அகப்படுவது சாதுவானது, இல்லாவிட்டால் சுகமில்லாதது. அகப்பட்ட ஒழுங்கில் முதல் ஆறையும் ஒரு குழு, அடுத்த ஆறையும் இன்னொரு குழு என்று போட்டால் ஆய்வு அங்கேயே கோணிவிடும். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

சீனி வருத்த ஆய்வில் மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எலிக்குச் சீனி வருத்தத்தை வரவைக்கும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி போட்டதும் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டாக் கலங்கள் சிதையும். சிதையும்போது அவற்றிலிருந்த இன்சுலின் மொத்தமாக இரத்தத்துக்குள் வரும். அதனால் முதல் இரவில் சீனி ஏறுவதற்குப் பதிலாகப் பயங்கரமாக இறங்கலாம். காலையில் இரண்டு எலி செத்துக் கிடக்கும், “மருந்தின் நச்சு” என்று எழுதிவிடுவார்கள். அன்றிரவு குடிதண்ணீரில் சீனி கரைத்து வைத்திருந்தால் அவை பிழைத்திருக்கலாம். அதற்குப் பிறகு எலி தண்ணீரைக் குடித்துக் குடித்து மூத்திரம் பெய்தபடி இருக்கும். வாரம் இரண்டு முறை படுக்கை மாற்றும் பழக்கம் இங்கே சரிவராது. காலையில் உமியையோ மரச்சீவலையோ கையில் அள்ளிப் பார்த்தால் பிழிந்த துணிபோல இருக்கும், அமோனியா கண்ணைக் கரிக்கும். தினமும் மாற்றுங்கள்.

வெறும் வயிற்றுச் சீனி அளப்பதிலும் மனிதக் கணக்கை எலிக்குப் போடுகிறோம். நாங்கள் இரவு தூங்குகிறோம், பட்டினி தெரிவதில்லை. எலிக்கு இரவுதான் சாப்பாட்டு நேரம். இரவு முழுக்க உணவை எடுத்துவிட்டால் அதற்கு ஒரு முழுநாள் பட்டினி. காலையில் எடுத்து 4 முதல் 6 மணித்தியாலம் கழித்து அளப்பது பல வேலைகளுக்குப் போதும். இரத்தமும் அளவோடுதான். 250 கிராம் எலியின் உடலில் மொத்தமே சுமார் 16 மில்லிலீற்றர் இரத்தம், ஒரு தடவைக்கு அதில் பத்திலொன்றைத் தாண்டக் கூடாது.

“வயலில் எலிக்கா பஞ்சம்?” என்று கேட்பவர்களுக்கு: எலிக்காய்ச்சல் என்றால் என்ன என்று அம்பாறை விவசாயிகளைக் கேளுங்கள். வயலெலி உங்கள் உடம்புக்கும் கேடு, ஆய்வுக்கும் கேடு. குளோரோபோம் நனைத்த பஞ்சை ஜாடிக்குள் போட்டு எலியைக் கொல்லும் பழக்கத்தையும் விடுங்கள். அது எலிக்குக் கொடுமை, மூச்சில் எடுக்கும் உங்களுக்கும் நஞ்சு. எப்படிக் கொல்லப் போகிறீர்கள் என்பதையும், எலி எந்த நிலைக்கு வந்தால் ஆய்வின் 28 நாள் முடியும்வரை காத்திருக்காமல் முடித்துவிடுவீர்கள் என்பதையும் முன்மொழிவிலேயே எழுத வேண்டும். உடல் எடையில் 20 வீதம் குறைவது பலரும் வைக்கும் எல்லை.

அப்புறம், அந்த 28 நாளை நாட்காட்டியில் குறிக்கும்போது போயா என்ற பௌர்ணமி விடுமுறையையும் பாருங்கள். ஒன்று அநேகமாக உள்ளே வரும். எனக்கும் வந்தது. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அண்ணனுக்கும் லீவு. எனக்காகப் போன கூட்டாளி எட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாப் போத்தலும் இருக்குடா, ஒண்டு அப்படியே நிறைய இருக்கு” என்று போனில் சொன்னான். நான் நிம்மதியாகப் படுத்தேன். மறுநாள் காலை அந்தப் போத்தலைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினேன். ஒரு சொட்டு வரவில்லை, தண்ணீர் வரும் குழாயின் நுனியிலிருந்த உருண்டை இறுகியிருந்தது. கூட்டின் மூலையில் எலி கண்ணை இடுக்கிக்கொண்டு சுருண்டு கிடந்தது.