மங்கலான வெள்ளி ரூபாய்: தேய்ந்த அச்சா, போலியா?

கொலுசு செய்யச் சொல்லி வருகிறவர்கள் பலர் வெள்ளிக்குப் பதில் பாட்டி முடிந்துவைத்த பழைய ரூபாயைத்தான் பட்டறைக்குக் கொண்டுவருகிறார்கள். விக்டோரியா, ஏழாம் எட்வர்டு, ஐந்தாம் ஜார்ஜ். ஒன்றிரண்டில் முகம் மங்கலாக இருந்தால் உடனே, "பத்தரே, இது டூப்ளிகேட்டா?" என்பார்கள். மங்கலுக்கு மூன்று காரணம் இருக்கலாம். கைமாறிக் கைமாறித் தேய்ந்திருக்கும், அல்லது நாணயச்சாலையிலேயே தேய்ந்த அச்சில் அடித்திருப்பார்கள், அல்லது எவனோ வார்த்திருப்பான். எது என்று கண்டுபிடிக்க ஒரு பத்து மடங்கு லென்ஸ், 0.01 கிராம் காட்டும் சின்னத் தராசு, ஒரு மேசை விளக்கு போதும். கூடவே சந்தேகமில்லாத அசல் ரூபாய் ஒன்று ஒப்பிட வேண்டும். 1918, 1919 ரூபாய்கள் சுலபமாகக் கிடைக்கும்.

முதலில் ஒன்று: காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நாம் தேடப்போகும் தடயம் மேல்பரப்பில்தான் இருக்கிறது.

தராசிலிருந்து தொடங்குவோம். 1835 முதல் 1939 வரை வந்த வெள்ளி ரூபாயின் எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. 1906-ஆம் ஆண்டு நாணயச் சட்டப்படி, தேய்மானத்தால் 2 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் ரூபாய் அந்த நாளில் செல்லாது. கணக்குப் போட்டால் 11.43 கிராம். இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அச்சு தேய்ந்தால் படம் மங்குமே தவிர, எடை குறையாது. அடிப்பதற்கு முன்பே வெற்று வில்லையை எடை பார்த்துவிடுவார்கள். ஆகவே படம் மங்கலாக இருந்தும் 11.6 காட்டினால், பெரும்பாலும் சாலையின் அச்சுதான் காரணம். 11.3 என்று காட்டி, மூக்கு, கன்னம், கிரீடம் போன்ற மேடான இடங்கள் வழவழவென்று தட்டையாக இருந்தால் கைத்தேய்மானம். தேய்ந்த அடையாளமே இல்லாமல் எடை மட்டும் அடிபட்டால் உஷாராகுங்கள்.

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. தராசில் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு, காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். காசு விலக்கும் தண்ணீரின் எடையைத் தராசு காட்டும். நல்ல ரூபாய்க்கு ஏறக்குறைய 1.13 கிராம். பெயரில் மட்டும் வெள்ளி உள்ள ஜெர்மன் சில்வர் அதே எடையில் 1.35 பக்கம் போகும். 1940 முதல் வந்த பாதி வெள்ளி ரூபாய் 1.2-ஐ ஒட்டி நிற்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். காந்தத்தில் ஒட்டவில்லை என்பதால் எதுவும் தெரிந்துவிடாது, பித்தளையும்தான் ஒட்டாது.

வெள்ளி சரியாக இருந்தால் காசும் அசல்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். 1893-இல் தனியார் வெள்ளி கொண்டுவந்து ரூபாயாக அடித்துக்கொள்ளும் வழியை அரசு மூடியது. அதன் பிறகு ரூபாயின் மதிப்பு அதிலுள்ள வெள்ளியின் விலையைத் தாண்டியது. நல்ல வெள்ளியிலேயே கள்ள ரூபாய் அடித்தாலும் லாபம் என்கிற நிலை. எனவே கடைசித் தீர்ப்பு லென்ஸிடம்தான்.

விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்து, காசை மெல்லத் திருப்பிக்கொண்டே பாருங்கள். எஃகு அச்சு ஆயிரக்கணக்கில் அடி வாங்கும்போது, ஒவ்வொரு அடியிலும் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும். ஓடி ஓடி அச்சிலேயே தடம் பதிந்துவிடும். காசில் அது முடி போன்ற நேர்க்கோடுகளாக, எழுத்துகளுக்கு நடுவே விளிம்பை நோக்கித் தெரியும். எழுத்தின் விளிம்புப் பக்கக் கால் தடித்து, வெளிப்பக்கம் இழுபட்டிருக்கும். காசு எவ்வளவு தேய்ந்திருந்தாலும் எழுத்துகளின் இடுக்கில் இந்தக் கோடு தப்பிப் பிழைத்திருக்கும். 1918 ரூபாயில் இதை நன்றாகப் பார்க்கலாம். முதல் உலகப்போர் நேரம், இந்தியாவில் வெள்ளித் தட்டுப்பாடு. அமெரிக்காவே தன் டாலர்களை உருக்கி வெள்ளி அனுப்பியது. அந்த ஓராண்டில் கல்கத்தாவும் பம்பாயும் சேர்ந்து 40 கோடிக்கு மேல் ரூபாய் அடித்தன. அந்த வேகத்தில் அச்சுக்கு எங்கே ஓய்வு?

வார்ப்பில் இந்த நுணுக்கம் வராது. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் ராஜாவின் அங்கியில் தொங்கும் பதக்கமாலையில் ஒரு குட்டி யானை இருக்கும், அதைப் பாருங்கள். தேய்ந்த அச்சில் யானை மங்கினாலும் பக்கத்துப் பூவேலையில் எங்காவது ஒரு கூர்மை மிச்சமிருக்கும். வார்ப்பிலோ யானை, பூ, எழுத்து எல்லாமே கரைந்த சோப்புக் கட்டிபோல ஒரே சீராக மழுங்கியிருக்கும். தரையில் ஊசிமுனைக் குழிகளும் சின்னச் சின்ன பருக்களும் இருக்கும். குழி ஓரங்கள் உருண்டையாக இருந்தால் காற்றுக் குமிழி. கூராக இருந்தால் பின்னால் யாரோ இடித்தது.

மேடா பள்ளமா என்பதையும் கவனியுங்கள். அச்சில் விரிசல் விட்டால் காசில் மேடான கோடு விழும், அது அசலுக்குச் சாதகமான சாட்சி. கீறல் பள்ளமாக இருக்கும். அச்சின் எழுத்துக்குழியில் மசகு அடைத்தால் எழுத்தே விழாமல் போகும், அதுவும் சாலையின் கைங்கரியம்தான். அசல் காசிலிருந்தே அச்சு எடுத்து அடித்த போலிதான் ஆகக் கெட்டிக்காரத்தனமானது. அந்த அசலில் இருந்த சொட்டையும் கூடவே வந்துவிடும். வியாபாரியிடம் அதே ரகத்தில் நாலைந்து காசு கேட்டு வாங்கி அடுக்கிப் பாருங்கள். ஒரே சொட்டை ஒரே இடத்தில், அதுவும் வெவ்வேறு வருடக் காசுகளில் இருந்தால், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பக்கவாட்டு வரிகளை மறக்காதீர்கள். அசலில் அவை நேராக, ஒரே அளவில் இருக்கும். வார்ப்பில் பொருத்துக்கோடு தெரியும், அல்லது அதை அரத்தால் ராவியிருப்பார்கள். 1940-களின் ரூபாயில் வரிகளுக்கு நடுவே ஒரு பள்ள வரிசை ஓடும். கள்ளக்காசைத் தடுக்க அரசே போட்டது அது, பொருத்துக்கோடு என்று நினைத்துவிடாதீர்கள். நம் பக்கத்தில் இன்னொன்றும் உண்டு. மாலையில் கோக்க வளையம் வைத்துப் பற்றவைத்து, பிறகு பிய்த்தெடுத்த காசு. ஓரத்தில் ஒரே இடத்தில் அரத் தடமும் பற்றாசின் மஞ்சளும் இருக்கும். காசு அசல்தான், சேகரிப்பவர்கள் மட்டும் விலையைக் குறைப்பார்கள்.

ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் போட்ட 1818 கிழக்கிந்தியக் கம்பெனிக் காசை லென்ஸில் வைக்கவே வேண்டாம். கம்பெனி அப்படி எதுவும் வெளியிடவில்லை.

விலை அதிகம் சொல்லும் இரண்டு வருடங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 1911 ரூபாயில் யானையின் தும்பிக்கை குட்டையாக இருந்து பன்றிபோலத் தெரிந்ததால் பிரச்சினை கிளம்பி, 1912-இல் திருத்தினார்கள். தேதி 1911 என்றிருந்து யானை மட்டும் திருந்திய யானையாக இருந்தால், மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை. 1939 அரிது. சுலபமாகக் கிடைக்கும் 1938-இன் கடைசி எட்டைச் செதுக்கி ஒன்பதாக்குவார்கள். காசு அசல் என்பதால் எடை, தண்ணீர், ஓர வரி எல்லாமே தேறிவிடும். அதனால் கடைசி எண்ணை மட்டும் லென்ஸில் வைத்து, எட்டின் இடது கீழ்ப்பக்கம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் தரை சுரண்டப்பட்டிருக்கிறதா, நிறம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்.