ஊட்டிப் பழைய வீட்டுச் செங்கல் சுவரைப் பழுதுபார்ப்பது எப்படி?

1908-இல் மலை ரயில் ஊட்டிக்கு வந்தபோதே எங்கள் வீடு இருந்ததாம். தாத்தா சொல்வார். ஒரு வரிசை செங்கல் நீளவாக்கில், அடுத்த வரிசை குறுகிய முனை வெளியே தெரியத் தலைகாட்டி. இப்படி அடுக்குவதற்கு இங்கிலீஷ் கட்டு என்று பெயர்.

முதலில் செங்கல்களுக்கு நடுவே உள்ள இணைப்பைச் சாவியால் சுரண்டிப் பாருங்கள். வெள்ளையாகப் பொடிந்தால் சுண்ணாம்பு. அதன்மேல் சிமெண்ட் பூசவே கூடாது. அப்பா பூசினார், சுவர் குடித்த ஈரம் வெளியேற வழியில்லாமல், இரண்டே ஐப்பசி மழையில் செங்கல் முகம் அப்பளமாக உரிந்தது. தொட்டால் கையோடு வந்தது, மனசே ஆறவில்லை.

சரி, 2 செ.மீ. ஆழம் சுரண்டி, தூசி தட்டி, தண்ணீர் தெளியுங்கள். நீற்றிய சுண்ணாம்பு 1 பங்கு, மணல் 3 பங்கு. அழுத்தி நிரப்பி, ஒரு வாரம் ஈரச் சாக்கு போர்த்துங்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துத்தான் சுண்ணாம்பு இறுகும், அவசரம் ஆகாது. உறைபனி விழும் மார்கழி, தை வேண்டாம். பங்குனியில் தொடங்குங்கள்.